அமெரிக்க வட்டார வரலாற்று நூல் சேகரிப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஓர் ஊரையோ, கவுன்டி எனப்படும் மாவட்டத்தையோ, மாநிலத்தையோ பற்றிய பழைய நூல்களையும் அரிய வெளியீடுகளையும் தேடித் திரட்டிக் காக்கும் பணி. அமெரிக்கா தொடர்பான அச்சு நூல்கள் அனைத்தையும் பழைய புத்தக வணிகர்கள் ‘அமெரிக்கானா’ என்பர். வட்டார வரலாறு அதன் பரந்த கிளைகளுள் ஒன்று. மாவட்ட வரலாறுகள், ஊர் நூற்றாண்டு மலர்கள், தேவாலய வரலாறுகள், குடும்ப மரபு நூல்கள், நகர முகவரி ஏடுகள், நிலப்படத் தொகுதிகள், துண்டு வெளியீடுகள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் பல குறைந்த படிகளே அச்சாகி, சொந்த ஊருக்கு வெளியே அதிகம் அறியப்படாதவை. நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம் 1934இல்தான் அமைந்தது. அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே தனிமனிதர்கள் இவற்றைச் சேர்க்கத் தொடங்கிவிட்டனர். இன்றைய ஆய்வு நூலகங்கள் பல அவர்களுடைய அலமாரிகளிலிருந்து உருவானவை.

தொடக்கக் காலம்

இத்துறையின் முன்னோடி பாஸ்டன் ஓல்டு சவுத் தேவாலயத்தின் போதகர் தாமஸ் பிரின்ஸ் (1687–1758). 1703இல் ஹார்வர்டு கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தபோதே நியூ இங்கிலாந்து பற்றிய நூல்களையும் கையெழுத்துப்படிகளையும் திரட்டத் தொடங்கினார். அவற்றைத் தேவாலயக் கோபுர அறையில் வைத்திருந்தார். இறக்கும்போது தேவாலயத்துக்கே எழுதி வைத்தார். பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு தம் கைப்பட எழுதிய வரலாறும் அங்கு இருந்தது.

விடுதலைப் போரின்போது பிரித்தானியப் படை அந்தத் தேவாலயத்தைக் கைப்பற்றியது. அக்காலத்தில் பிராட்ஃபோர்டின் கையெழுத்துப்படி காணாமல் போயிற்று. லண்டன் ஆயரின் ஃபுல்லம் அரண்மனை நூலகத்தில் அது இருப்பது 1855இல் அடையாளம் காணப்பட்டது. மறு ஆண்டே பாஸ்டனில் முழுமையாக அச்சானது. மூலப்படி 1897இல் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது.

பிரின்ஸின் சேகரிப்பிலிருந்த இன்னொரு நூல், இன்றைய அமெரிக்க எல்லைக்குள் முதன்முதலில் அச்சிடப்பட்டதாக அறியப்படும் 1640ஆம் ஆண்டு விவிலியச் சங்கீதப் புத்தகம். அதன் 11 படிகளே எஞ்சியுள்ளன. தேவாலயத்துக்குச் சொந்தமான படி ஒன்று 2013இல் நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 41 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்கு விற்றது.

வரலாற்றுச் சங்கங்கள்

ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் ஆவணம் தீக்கும் போருக்கும் எளிதில் இரையாகும் என்பதை விடுதலைப் போர் உணர்த்தியது. நியூ ஹாம்ப்ஷயரின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய போதகர் ஜெரமி பெல்க்னப், 1791இல் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தை நிறுவினார். சேர்ப்பதோடு நில்லாமல் அச்சிட்டுப் பரப்ப வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. நியூயார்க் வரலாற்றுச் சங்கம் 1804இல் தோன்றியது.

அச்சாளர் ஐசாயா தாமஸ் 1812இல் வூஸ்டர் நகரில் அமெரிக்கத் தொல்பொருள் சங்கத்தை நிறுவித் தம் நூலகத்தை அதற்கு வழங்கினார். செய்தித்தாள், பஞ்சாங்கம், தெருப்பாட்டுத் தாள் என மற்றவர்கள் படித்துவிட்டு எறிந்ததையெல்லாம் அவர் சேர்த்தார். பாஸ்டன் கடையொன்றில் 300க்கும் மேற்பட்ட பாட்டுத் தாள்களை வாங்கிக் கட்டடம் செய்து சங்கத்துக்குக் கொடுத்தார். அன்றைய சாதாரண மக்கள் என்ன பாடினார்கள் என்பதற்கு அவை இன்று முதன்மைச் சான்று. எளிய அச்சும் வரலாறே என்ற பார்வை இத்துறைக்கு அவர் விட்டுச் சென்ற செல்வம்.

19ஆம் நூற்றாண்டின் பெருஞ்சேகரிப்புகள்

நியூயார்க்கின் ஜேம்ஸ் லெனாக்ஸும் பிராவிடன்ஸ் நகரின் ஜான் கார்ட்டர் பிரவுனும் அமெரிக்கக் கண்டம் பற்றிய மிகப் பழைய நூல்களுக்காகப் போட்டியிட்டனர். லண்டனில் கடை வைத்திருந்த வெர்மான்ட்காரர் ஹென்றி ஸ்டீவன்ஸ் இருவருக்கும் நூல்களைத் தேடித் தந்தார். லெனாக்ஸ் நூலகம் 1895இல் நியூயார்க் பொது நூலகத்தோடு இணைந்தது. பீட்டர் ஃபோர்ஸ் திரட்டிய நூல்களையும் செய்தித்தாள்களையும் துண்டு வெளியீடுகளையும் 1867இல் அமெரிக்க நாடாளுமன்றம் 1 லட்சம் டாலருக்கு வாங்கி நாடாளுமன்ற நூலகத்தில் சேர்த்தது.

வட்டார வரலாற்றுக்கு நெருக்கமாக உழைத்தவர்கள் மேற்கே இருந்தனர். விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் லைமன் டிரேப்பர், கென்டக்கி, டென்னசி எல்லைப் பகுதிகளின் முதற் குடியேறிகளையும் அவர்களது வழித்தோன்றல்களையும் தேடிச் சென்று நினைவுகளையும் கடிதங்களையும் திரட்டினார். அவை ஏறத்தாழ 500 தொகுதிகளாக உள்ளன. சான் பிரான்சிஸ்கோ புத்தக வணிகர் ஹியூபர்ட் ஹோவ் பேன்கிராஃப்ட், 1859இல் தம் கடையிலிருந்த கலிபோர்னியா நூல்களை ஓர் அலமாரியில் ஒன்றுசேர்த்தார். அது பல்லாயிரம் நூல்களாகப் பெருகியது. 1905இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அதை வாங்கியது. மறு ஆண்டு நகரின் பெரும்பகுதியை நிலநடுக்கமும் தீயும் அழித்தபோது, வலென்சியா தெருவில் தனிக் கட்டடத்தில் இருந்ததால் சேகரிப்பு தப்பியது.

மாவட்ட வரலாறுகளின் காலம்

1876இல் நாடு தன் நூற்றாண்டைக் கொண்டாடியது. ஒவ்வொரு ஊரும் மாவட்டமும் தன் வரலாற்றுச் சுருக்கத்தை ஜூலை 4 அன்று வாசிக்க வேண்டும், ஒரு படியை மாவட்ட அலுவலகத்திலும் மற்றொன்றை நாடாளுமன்ற நூலகத்திலும் வைக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் பரிந்துரைத்தது. குடியரசுத் தலைவர் கிராண்ட் அதை அறிவிப்பாக வெளியிட்டார். சிற்றூர்கள் பல தம் கதையை முதன்முறையாக எழுதிக்கொண்டன.

இந்த ஆர்வத்தைப் பதிப்பகங்கள் தொழிலாக்கின. பிலடெல்ஃபியாவின் எல். எச். எவர்ட்ஸ், சிகாகோவின் குட்ஸ்பீடு, லூயிஸ் போன்ற நிறுவனங்கள் முகவர்களைப் பண்ணை வீடுதோறும் அனுப்பி முன்பணச் சந்தா சேர்த்தன. சந்தா கட்டியவரின் வாழ்க்கைக் குறிப்பு நூலில் இடம்பெறும். உருவப்படத்துக்குத் தனிக் கட்டணம். இதனால் இவற்றை வணிகர்கள் ‘மக் புக்’ (முகப்பட நூல்) என்று அழைத்தனர். மாநில வரலாற்றுப் பகுதியை ஒருமுறை எழுதி, பல மாவட்ட நூல்களில் அப்படியே சேர்ப்பதும் உண்டு. புகழ்ச்சி மிகுந்தவை, பிழைகள் உள்ளவை என்ற குறை நியாயமானது. ஆயினும் ஓர் உழவர் எங்கு பிறந்தார், எந்த ஆண்டு நிலம் வாங்கினார், முதல் ஆலையை யார் கட்டினார் என்பவற்றை வேறெங்கும் காண இயலாத ஊர்கள் பல. சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் இன்றும் பெரும்பங்கு இந்தத் தடித்த தோலட்டை நூல்களுக்கே.

நூலடைவுகளும் வணிகமும்

எது அரியது என்பதை அறிய நூலடைவு வேண்டும். வணிகர் ஜோசப் சேபின் 1868இல் தொடங்கிய அமெரிக்கா பற்றிய நூல்களின் அகராதி, அவர் மறைந்து 55 ஆண்டுகளுக்குப் பின் 1936இல் 29 தொகுதிகளாக நிறைவுற்றது. அதில் 1,06,413 பதிவுகள் உள்ளன. சிகாகோ வணிகர் ரைட் ஹோவ்ஸ் 1954இல் வெளியிட்ட ‘யு.எஸ்.ஐயானா’ நூல்களின் மதிப்பை எழுத்துக் குறிகளால் வகைப்படுத்தியது. மாவட்ட வரலாறுகளுக்கெனவே வில்லியம் ஃபில்பி தொகுத்த நூலடைவு 1985இல் வந்தது.

1898 முதல் 1995 வரை இயங்கிய பாஸ்டனின் குட்ஸ்பீடு புத்தகக் கடை, குடும்ப மரபு நூல்களுக்கும் ஊர் வரலாறுகளுக்கும் பெயர்பெற்றது. அதே பெயர்கொண்ட சிகாகோ பதிப்பகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. டெக்சாஸ் நூலடைவைத் தொகுத்த தாமஸ் ஸ்ட்ரீட்டரின் சேகரிப்பு 1966 முதல் 1969 வரை ஏழு கட்டங்களாக ஏலம் போனது. அதன் பட்டியல் தொகுதிகளே இன்று சேகரிப்பாளர்களின் வழிகாட்டி நூல்கள். 1948 முதல் 1999 வரை வந்த ‘ஏபி புக்மேன்ஸ் வீக்லி’ வார இதழின் ‘தேவை’ விளம்பரங்கள் வழியாகவே நாடெங்கும் நூல்கள் கைமாறின.

20ஆம் நூற்றாண்டில் பரவல்

பொருளாதார மந்தத்தின்போது வேலையிழந்த எழுத்தாளர்களுக்காக 1935இல் தொடங்கிய அரசின் எழுத்தாளர் திட்டம், மாநிலந்தோறும் வழிகாட்டி நூல் வெளியிட்டது. 1937இல் வந்த ஐடஹோ நூல் மாநில நூல்களில் முதலாவது. இத்தொடரில் மேலுறை கிழியாத முதற்பதிப்புகளுக்கு மதிப்பு அதிகம். 1976இல் விடுதலையின் இருநூறாவது ஆண்டும், அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ நூலும், அடுத்த ஆண்டு அதன் தொலைக்காட்சித் தொடரும் மக்களைத் தம் வேர்களைத் தேட வைத்தன. மாவட்ட வரலாறுகள் மறுபதிப்பாயின. மூலநூல்கள் பலவற்றில் பெயர் அகரவரிசை இல்லை; ஊர்ச் சங்கத் தன்னார்வலர்கள் அதைத் தயாரித்து மறுபதிப்புகளில் சேர்த்தனர்.

விடுபட்டவர்கள்

சந்தா கட்ட இயலாதவர்கள் மாவட்ட வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இல்லை. கறுப்பின மக்கள், சீனத் தொழிலாளர்கள், கூலி உழைப்பாளர்கள் ஒருசில வரிகளில் கடந்து போகின்றனர். பூர்வகுடிகள் பெரும்பாலும் குடியேறிகளின் பார்வையிலேயே வருகின்றனர். இந்தக் குறையைச் சேகரிப்பாளர்களே ஈடுசெய்ய முயன்றனர். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ஆர்த்துரோ ஷோம்பர்க் (1874–1938) கறுப்பின வரலாற்று நூல்களைத் தம் சம்பளத்தில் வாங்கிச் சேர்த்தார். 1926இல் கார்னகி நிறுவனம் 10,000 டாலர் தந்து அவற்றை நியூயார்க் பொது நூலகத்துக்குப் பெற்றுத் தந்தது. ஹார்லெமின் அஞ்சல் ஊழியர் விக்டர் கிரீன் 1936இல் தொடங்கிய பயண வழிகாட்டி, கறுப்பினப் பயணிகளை ஏற்ற விடுதிகளையும் உணவகங்களையும் ஊர்வாரியாகப் பட்டியலிட்டது. ஆண்டு முடிந்ததும் எறியப்பட்ட அந்த மெல்லிய ஏட்டை இன்று அருங்காட்சியகங்களும் தேடி வாங்குகின்றன.

நூலை மதிப்பிடுதல்

வாங்குமுன் முதலில் பார்க்க வேண்டியது முழுமை. நிலப்படங்களையும் செதுக்கோவியங்களையும் கிழித்துத் தனியே விற்கும் வழக்கம் உண்டு. எனவே நூலடைவு கூறும் படங்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் தாள்தாளாகச் சரிபார்க்க வேண்டும். தோலட்டை பொடியாகி உதிர்வதும், அமிலம் மிகுந்த தாள் பழுத்து ஒடிவதும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி நூல்களுக்கு இயல்பு. நூலக முத்திரை இருந்தால் விலை குறையும். அது முறைப்படி கழிக்கப்பட்ட படியா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். முன்னாள் உரிமையாளர் ஓரங்களில் எழுதிய திருத்தங்களும் இடையே ஒட்டிய செய்தித் துணுக்குகளும் பழுதல்ல. ஊர்க்காரர் ஒருவரின் சாட்சியம் அவை.

மின்னாக்கக் காலம்

ஏபிபுக்ஸ் போன்ற இணையச் சந்தைகள் 1990களில் தோன்றின. கூகுள் புக்ஸும் 2008இல் அமைந்த ஹாத்தி டிரஸ்டும் காப்புரிமை முடிந்த மாவட்ட வரலாறுகள் பலவற்றை இலவசமாகப் படிக்கத் தந்தன. பரவலாகக் கிடைத்த நூல்களின் விலை சரிந்தது. மெய்யாகவே அரியவை மட்டும் மதிப்பிழக்கவில்லை. எனவே இன்று சேகரிப்பாளரின் உண்மையான களம் தோலட்டைத் தொகுதிகள் அல்ல. மூடப்பட்ட ஆலையின் தொழிற்சங்க மலர், கலைக்கப்பட்ட சபையின் ஆண்டறிக்கை, குடியேறிகள் தம் மொழியில் அச்சிட்ட ஊர் ஏடு ஆகியவற்றில் பல எந்த நூலடைவிலும் ஏறவில்லை. வீட்டைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அவையே. அவற்றை எடுத்து வைப்பவரே தாமஸ் பிரின்ஸும் ஐசாயா தாமஸும் தொடங்கிய பணியை இன்று தொடர்பவர்.