கல்வெட்டுச் சொல்லும் ஆய்விதழும்: திருவனந்தபுரத்தில் சட்ட – சமூக ஆய்வுக் கட்டுரையின் வரலாறு

1. முன்னுரை

சட்டத்தையும் சமூகத்தையும் ஒருங்கே ஆராயும் பல்துறை இதழுக்குக் கட்டுரை அளிப்பவர், தம் துறையைச் சாராதவரும் அதனைப் படிப்பர் என்பதை முன்னரே ஏற்றுக்கொள்கிறார். சட்ட அறிஞர் அக்கட்டுரையில் விதியைத் தேடுவார். சமூகவியலார் அவ்விதி யாரைக் கட்டுப்படுத்திற்று என வினவுவார். வரலாற்றாசிரியர் அதன் காலத்தைக் கேட்பார். இம்மூவருக்கும் பொதுவான ஒரு மொழியில் எழுத முயலும்போது முதலில் இடருக்கு உள்ளாவது மூல ஆவணத்தின் சொல்லே.

‘சட்டமும் சமூகமும்’ என்னும் பெயர் தாங்கிய இதழ்கள் அண்மைக் காலத்தவை. அமெரிக்காவில் சட்ட சமூகக் கழகம் 1964இல் நிறுவப்பட்டது. அதன் இதழ் 1966இல் வெளிவரத் தொடங்கியது. ஆயினும் அத்தகைய இதழ்கள் இன்று எதிர்பார்க்கும் ஆய்வு, அப்பெயர் தோன்றுவதற்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன்பே திருவனந்தபுரத்தில் எழுதப்பட்டது. ஆலயச் சுவர்களிலும் செப்பேடுகளிலும் இருந்த ஒப்பந்தங்கள், வரி விதிகள், நில உரிமைகள் ஆகியன ஆய்விதழ்களுக்கான கட்டுரைகளாயின. அக்கட்டுரைகளில் சட்டச் சொற்கள் எவ்வாறு கையாளப்பட்டன என்பதையும், அதனால் விளைந்த பயன்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பொது ஆய்விதழும் சுந்தரம் பிள்ளையும்

1872இல் ஜேம்ஸ் பர்ஜஸ் பம்பாயில் தொடங்கிய ‘இந்தியன் ஆன்டிகுவரி’ ஒரு பல்துறை இதழாகும். தொல்லியல், வரலாறு, மொழி, இலக்கியம், நாட்டார் வழக்கு ஆகிய அனைத்திற்கும் அதில் இடமிருந்தது. சட்டம் தனித்துறையாக அதில் பெயர் பெறவில்லை. எனினும், கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை கொடை, குத்தகை, வரி, தண்டம் பற்றியவை. ஆதலின் சட்ட ஆவணங்கள் அவ்விதழில் வேறு பெயர்களுடன் தொடர்ந்து இடம்பெற்றன.

திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக விளங்கிய பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) தமிழ் உலகில் ‘மனோன்மணீயம்’ (1891) ஆசிரியராகவே பெரிதும் அறியப்படுகிறார். திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில ஆய்வு 1894இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ‘இந்தியன் ஆன்டிகுவரி’யில் இடம்பெற்றது. அப்போது அவ்விதழின் ஆசிரியராக இருந்தவர் ரிச்சர்டு கார்னக் டெம்பிள். திருவிதாங்கூர்க் கல்வெட்டுகளைப் பற்றிய சுந்தரம் பிள்ளையின் பிற கட்டுரைகளும் தொடர்ந்து அவ்விதழில் வந்தன.

வேணாட்டு அரசர்களின் வரிசையை நிறுவுதலே அவ்வாய்வின் முதன்மை நோக்கம். அக்கால ஆய்விதழ் அரச மரபையும் ஆண்டையும் எதிர்பார்த்தது. ஆகவே கல்வெட்டில் அரசனின் பெயரும் கொல்லம் ஆண்டும் கிடைத்தவுடன் ஆய்வாளரின் முதற்கடமை நிறைவேறியதாகக் கருதப்பட்டது. சுந்தரம் பிள்ளை அவ்வளவில் நிற்கவில்லை. கல்வெட்டு எதை ஆணையிடுகிறது என்பதையும் அவர் வாசகர் முன் வைத்தார். அவ்வகையில் மணலிக்கரைச் சாசனம் பற்றிய அவருடைய விளக்கம் தனித்துக் கருதத்தக்கது.

3. மணலிக்கரைச் சாசனம்: ஒப்புமையின் பயனும் இழப்பும்

மணலிக்கரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்மநாபபுரத்தை அடுத்துள்ளது. அங்குள்ள சாசனம் கொல்லம் 410ஆம் ஆண்டைச் (கி.பி. 1235) சேர்ந்தது, வீர இரவி கேரளவர்மன் காலத்தது. அரசனின் பெயரால் ஆட்சி நடத்தியோர், கோதைநல்லூர்ச் சபையார், ஊரார், வரி தண்டும் உரிமை பெற்ற ஒருவர் ஆகியோர் கூடிக் கலந்து முடிவு செய்தவற்றை அது பதிவு செய்கிறது. மழை பொய்த்து விளைச்சல் கெட்டால், எந்நிலம் விளைந்தது, எந்நிலம் விளையவில்லை எனச் சபையாரும் ஊராரும் பார்த்துத் தெளிதல் வேண்டும். விளையாத நிலத்திற்கு வழக்கமான வரியில் ஐந்தில் ஒரு பங்கே கொள்ளத்தக்கது. சாசனத்தின் சாரம் இதுவாகும்.

சுந்தரம் பிள்ளை இதனைத் திருவிதாங்கூரின் பேருரிமைச் சாசனங்களுள் ஒன்றாகப் போற்றினார். இங்கிலாந்தின் அரசியலமைப்பு வரலாற்றை நினைவூட்டும் இவ்வொப்புமை ஆங்கிலம் கற்ற வாசகரை உடனே ஈர்த்தது. தொலைவில் உள்ள ஒரு சிற்றூரின் வரி விதி, உலக வரலாற்றில் வைத்து எண்ணத்தக்கது என்னும் மதிப்பை அதனால் பெற்றது. துறை கடந்த வாசகரை நோக்கி எழுதுபவருக்கு இத்தகைய ஒப்புமை தவிர்க்க இயலாத கருவியாகும்.

அதே ஒப்புமை பொருளைச் சாய்க்கவும் செய்கிறது. இங்கிலாந்தின் சாசனம் நிலப்பிரபுக்கள் அரசனிடமிருந்து பெற்றது. மணலிக்கரைச் சாசனத்திலோ வரி தண்டுவோனும் ஒரு தரப்பினனாக உடனிருக்கிறான். சேதத்தை அளந்தறியும் பொறுப்பு உள்ளூர் அமைப்பிடம் விடப்படுகிறது. அடுத்து, ‘ஊர்’ என்னும் சொல்லின் சிக்கல் எழுகிறது. மொழிபெயர்ப்பில் ‘ஊர்மக்கள்’ என வரும்போது அனைவரும் அடங்கிய பொதுமக்கள் என்ற எண்ணம் தோன்றும். தமிழகக் கல்வெட்டுகளில் ‘ஊர்’ என்பது பொதுவாக நிலமுடையோரின் அவையைக் குறிக்கும். அப்பொருளை இங்குக் கொண்டால் நிலத்தில் உழைத்தோர் அக்கூட்டத்தில் இல்லை எனலாம். ஐந்தில் ஒரு பங்கு என்னும் சலுகை உழுதவனை எட்டிற்றா என்பது சாசனத்தால் விடையளிக்கப்படாத வினாவாகிறது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பே அவ்வினாவை எழுப்பவோ மறைக்கவோ வல்லதாயிருக்கிறது.

4. மூலபாடத்துடன் வெளியிடும் முறை

1908இல் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறைப் பொறுப்பேற்ற து. அ. கோபிநாத ராவ் (1872–1919) தொடங்கிய ‘திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை’ இவ்வகை ஆய்வுக்கு நிலையான வடிவம் அளித்தது. கே. வி. சுப்பிரமணிய ஐயர், அ. சு. இராமநாத ஐயர் ஆகியோர் அதனைத் தொடர்ந்து நடத்தினர். ஆவணத்தின் பின்னணி, மூலபாடம், ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிட்டமை அதன் சிறப்பாகும். மொழிபெயர்ப்பில் ஐயம் கொண்டவர் அதே வெளியீட்டில் மூலத்தைப் பார்த்துத் தம் முடிவைக் காண இயன்றது.

இம்முறையின் பயனை ஆய்வேள் மன்னன் கோக்கருநந்தடக்கனின் பார்த்திவசேகரபுரச் செப்பேட்டால் (கி.பி. 866) அறியலாம். தொண்ணூற்றைந்து சட்டர்க்குரிய சாலை ஒன்றைக் காந்தளூர்ச் சாலையின் நெறிப்படி நிறுவியதை அது கூறுகிறது. சாலையில் உறைவோர் பிறரைத் தாக்குதல், ஆயுதத்துடன் சபை புகுதல், சூதாடுதல் முதலிய குற்றங்களும் அதில் பேசப்படுகின்றன. இடம்பெற விழைவோர்க்கு வேண்டிய தகுதிகளைக் கூறுமிடத்தில் இலக்கணத்தோடு மூன்று அரசுகளின் ‘வியவகாரம்’ பற்றிய தேர்ச்சியும் கேட்கப்படுகிறது.

‘வியவகாரம்’ என்பது தரும நூல்களில் வழக்கு விசாரணையையும் நீதிமுறையையும் குறிக்கும் கலைச்சொல். பொது வழக்கில் அது நடைமுறை, கொடுக்கல் வாங்கல், ஆட்சிச் செயல் எனப் பல பொருள் தரும். முதற்பொருளைக் கொண்டால் பார்த்திவசேகரபுரம் ஒரு சட்டக் கல்விக்கூடமாகும். இரண்டாவதைக் கொண்டால் அரசுப் பணிக்கு ஆள் பயிற்றிய இடமாகும். தென்னாட்டுக் கல்வி வரலாறே இச்சொல்லின் பொருளைப் பொறுத்து மாறுகிறது. மூலச்சொல் அச்சில் நிலைபெற்றிருப்பதனால் இவ்விரு விளக்கங்களையும் இன்றும் எடைபோட முடிகிறது. மொழிபெயர்ப்பு மட்டும் எஞ்சியிருப்பின் இவ்வுரையாடலுக்கே இடமிராது.

‘கச்சம்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ஆலயச் சபை ஒன்று செய்த ஒப்பந்தத்தை அது குறிக்கும். திருமூழிக்களத்துக் கச்சத்தைப் பிற ஊர்க் கல்வெட்டுகளும் முன்மாதிரியாகப் பெயர் சுட்டிக் கூறுகின்றன. அரசன் இயற்றாத விதி, ஓர் ஊரின் எல்லையைக் கடந்து வேற்றூர்களையும் கட்டுப்படுத்தியது. ‘ஒப்பந்தம்’ என்றால் அதன் பரப்பும், ‘சட்டம்’ என்றால் அதன் தோற்றமும் மறைந்துவிடுகின்றன.

5. மொழிபெயர்ப்பே சட்டமாதல்: ‘ஜன்மம்’

சொல்லைப் பெயர்ப்பதில் நேரும் பிழை ஏட்டளவில் நிற்பதில்லை என்பதற்குத் திருவிதாங்கூரின் வடக்கே, ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்த மலபார் சான்றாகும். அங்கு நீதிமன்றங்கள் ‘ஜன்மி’யை நிலத்தின் முழு உரிமையாளராகவும், ‘காணக்காரரை’ அவருக்குக் கீழ்ப்பட்ட குத்தகையாளராகவோ ஒற்றியாளராகவோ கொண்டன. நிலவுரிமை பற்றி ஆராய 1881இல் தனி ஆணையராக அமர்த்தப்பட்ட வில்லியம் லோகன் இக்கருத்தை மறுத்தார். ரோமானியச் சட்டத்தின் முழுவுடைமைக் கருத்து ‘ஜன்மம்’ என்னும் சொல்லின் மேல் ஏற்றப்பட்டது என்பதும், பழைய வழக்கில் ஜன்மி, காணக்காரர், உழுகுடி ஆகிய மூவரும் விளைச்சலில் பங்குடையவர் என்பதும் அவர் முடிபு. 1887இல் வெளிவந்த ‘மலபார் மேனுவல்’ நூலிலும் அவர் இதனை விளக்கினார்.

நீதிமன்றம் ஏற்ற மொழிபெயர்ப்பு குடிகளை நிலத்திலிருந்து வெளியேற்றும் ஆணையாக மாறியது. மாப்பிள்ளைக் கிளர்ச்சிகளுக்கும் இதற்கும் தொடர்புண்டு என லோகன் கருதினார். குடிகள் செய்த நில மேம்பாட்டுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1887இலும், மலபார்க் குடிவாரச் சட்டம் 1930இலும் வந்தன. திருவிதாங்கூரிலோ 1896ஆம் ஆண்டின் நிலச்சட்டம், ஆங்கிலப் பெயரிலும் ‘ஜன்மி’, ‘குடியான்’ என்னும் உள்நாட்டுச் சொற்களையே கொண்டிருந்தது. அங்குச் சொல் பெயர்க்கப்படவில்லை. அதன் உள்ளடக்கமே விதிகளால் வரையறுக்கப்பட்டது.

ஜன்மி முறை தொன்மையானதா என்னும் வினாவைத் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியில் மலையாளம் கற்பித்த இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை (1904–1973) மீண்டும் எழுப்பினார். ஆலய நிலங்களை மேற்பார்த்த ஊராளர்கள் பிற்காலத்தில் அவற்றின் உடைமையாளராயினர் என்பது அவர் வாதம். அவர் கூறிய போர்க்காலச் சூழல் பின்வந்த வரலாற்றாசிரியர்களால் மறுக்கப்பட்டதுண்டு. ஆயினும் ‘ஊராளர்’, ‘காராளர்’, ‘காராண்மை’ ஆகிய சொற்களை மூலபாடத்தில் தேடிக் காணும் வாய்ப்பு இருந்தமையாலேயே அவருடைய வாதமும் அதன் மறுப்பும் இயன்றன.

6. இன்றைய இதழ்களும் பழைய படிப்பினையும்

1963இல் கேரளப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் துறை தோன்றியதும், 1971இல் திராவிட மொழியியற் கழகம் அமைந்ததும், 1972இல் வ. அய். சுப்பிரமணியம் (1926–2009) முயற்சியால் திராவிட மொழியியலுக்கான பன்னாட்டு இதழ் தொடங்கியதும் திருவனந்தபுரத்தின் ஆய்விதழ் மரபைப் புதுப்பித்தன. கல்வெட்டு மொழியை ஒலி, உருபு, தொடர் என்னும் நிலைகளில் ஆராய்வதற்கு இது களம் தந்தது. அதே வேளையில் துறைப்பிரிவு கூர்மையுற்றது. சொல்லின் வடிவம் மொழியியல் இதழுக்கும், அதன் அதிகாரம் சட்ட இதழுக்கும், அதற்கு உட்பட்டோர் வாழ்வு சமூகவியல் இதழுக்கும் உரியனவாகப் பிரிந்தன. சட்ட – சமூக இதழ் இவற்றை மீண்டும் ஓரிடத்தில் கூட்டுகிறது.

அதற்குக் கட்டுரை அளிக்கும் முறையிலும் துறைவழக்குகளின் வேறுபாடு உண்டு. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளின் இதழ்கள் பெரும்பாலும் மாணவர்களால் தொகுக்கப்படுவன. ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒருசேர அனுப்புதல் அங்கு வழக்கம். துறைவல்லுநர் மதிப்பீட்டு இதழ்களிலோ ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கே அனுப்புதல் நெறி. ஆசிரியர் பெயர் மறைக்கப்பட்ட கட்டுரை, வெவ்வேறு துறையினரான மதிப்பீட்டாளர்களிடம் செல்லக்கூடும். மூலமொழி அறியாத மதிப்பீட்டாளர் மொழிபெயர்ப்பையே ஆவணமாகக் கொள்வார். சொல்லளவு வரம்பினால் முதலில் நீக்கப்படுவதும் பெரும்பாலும் மூலபாடமே. இவ்விரண்டும் சேரும்போது, ‘ஜன்மி’யை நிலப்பிரபுவாக்கிய பழைய பிழை ஐயத்திற்கு உட்படாமலே அச்சேறும் வாய்ப்பு மிகுகிறது.

7. முடிவுரை

திருவனந்தபுரத்து வரலாறு கட்டுரையாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் சில நெறிகளை உணர்த்துகிறது. வாதத்தைத் தாங்கும் சொல்லை மூல வடிவிலேயே நிறுத்தி, அது ஆவணத்தில் செய்யும் செயலால் விளக்குதல் வேண்டும். அச்சொல் வரும் தொடரையேனும் மூலமொழியில் தருதல் வேண்டும். அயல் சட்டத்திலிருந்து பெறும் ஒப்புமையை ஒப்புமை என்றே அறிவித்து, அது எங்குப் பொருந்தாது என்பதையும் கூறுதல் வேண்டும். ஆவணத்தில் பேசும் தரப்பினரோடு பேசாத தரப்பினரையும் சுட்டுதல் வேண்டும்.

மணலிக்கரையில் வறட்சிக் காலத்து வயலைப் பார்த்து வரியைக் குறைக்கும் பொறுப்பு, அந்நிலத்தை அறிந்தவரிடமே விடப்பட்டது. சொல்லின் பொருளை அளந்து கூறும் பொறுப்பும் அம்மொழியை அறிந்தவரையே சாரும். பல்துறை இதழில் அப்பொறுப்பை மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் பிறரிடம் விட்டுவிடுதல் இயலாது.