பெயர் சொல்லாத ஆசிரியர்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிக் கல்லூரிகளில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் ஆண்டு மலரைக் கொண்டுவந்து காட்டினால், நாம் முதலில் தேடுவது பிள்ளையின் பெயரைத்தான். அச்சேறாமலே நின்றுபோன கட்டுரைகள் எவை, அவற்றை நிறுத்தியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. மாணவன் எழுதியதற்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்னும் வினா அங்கேதான் மறைந்து கிடக்கிறது. இவ்வினாவுக்கு 1908ஆம் ஆண்டில் அலிகாரில் ஒருவர் தம் உடலாலும் உடைமையாலும் விடை கூறினார். அவரே மௌலானா ஹஸ்ரத் மோஹானி.

சையித் ஃபஸ்லுல் ஹஸன் என்பது அவரது இயற்பெயர். அலிகார் கலாசாலையில் 1903இல் பி.ஏ. தேறிய கையோடு, 'உர்தூ-ஏ-முஅல்லா' என்னும் மாத இதழைத் தொடங்கினார். கஸல்களும் அரசியலும் அதில் அருகருகே இடம்பெற்றன. அரசாங்கத்தோடு பகை கூடாது என்று கலாசாலைப் பெரியவர்கள் எண்ணிய காலம் அது. மாணவர்கள் அரசியலில் தலையிடலாகாது என இந்திய அரசு 1907இல் சுற்றறிக்கையும் விடுத்திருந்தது. ரிஸ்லி சுற்றறிக்கை என்று அதனை வரலாற்றில் குறிப்பர்.

இத்தகைய சூழலில்தான் எகிப்தில் ஆங்கிலேயர் கையாண்ட கொள்கையைச் சாடும் கட்டுரையொன்று 1908இல் அவ்விதழில் வெளிவந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. எழுதியவரோ அலிகார் மாணவர் ஒருவர். இராஜத்துரோக வழக்குத் தொடரப்பட்டது. பெயரைச் சொல்லியிருந்தால் மௌலானாவின் சுமை ஓரளவு குறைந்திருக்கக்கூடும். அம்மாணவரின் படிப்போ அன்றோடு முடிந்திருக்கும். மௌலானா பெயரைச் சொல்லவில்லை. பொறுப்பு முழுவதும் தம்முடையதே என்று ஏற்றுக்கொண்டார். அமானிதம் என்று நாம் பொருளுக்கும் பணத்துக்கும் சொல்லி வருகிறோம். ஒருவர் நம்பித் தந்த எழுத்தும் அமானிதமே என்பதை அவர் நடத்தையில் காண்கிறோம்.

கடுங்காவல் தண்டனையோடு அபராதமும் விதிக்கப்பட்டது. அபராதத்தை ஈடுசெய்ய, அவர் பல்லாண்டுகள் தேடிச் சேர்த்த நூல்கள் சொற்ப விலைக்கு விற்கப்பட்டன. நூலை நேசிப்பவர்க்கு இதைவிடக் கொடிய தண்டனை வேறென்ன? சிறையில் அவருக்கு இடப்பட்ட பணி திரிகையில் கோதுமை அரைப்பது. அந்நிலையிலும் அவர் கவிதை இயற்றுவதை விடவில்லை.

அதே 1908இல் நம் சென்னையிலும் இதை ஒத்ததொரு நிகழ்ச்சி நடந்தது. பாரதியார் எழுதிவந்த 'இந்தியா' இதழில் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் சீனிவாசன். இதழில் வந்த எழுத்துகளுக்காகச் சிறை சென்றவர் அவரே. பாரதியார் புதுச்சேரி சென்றார். பாரதியாரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் அங்கே போயிராவிட்டால் தமிழுக்கு எவ்வளவு இழப்பு நேர்ந்திருக்கும்! ஆயினும் சீனிவாசனை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

ஆசிரியர் முன்னே நிற்காமல் பின்வாங்கினால் நேர்வது என்ன என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. மிசௌரி மாநிலத்து ஹேசல்வுட் பள்ளியில் 1983இல், மாணவர் இதழின் இரண்டு பக்கங்களைத் தலைமையாசிரியர் அச்சுக்குப் போகுமுன் நீக்கிவிட்டார். பள்ளி மாணவியரின் கருத்தரிப்பு, பெற்றோரின் மணமுறிவு ஆகியவை பற்றிய கட்டுரைகள் அவை. மாணவியர் வழக்காடினர். 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கமே தீர்ப்பளித்தது. பள்ளியின் பெயரால் வெளிவரும் இதழில் பள்ளிக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். எனினும் அத்தலைமையாசிரியரையும் மௌலானாவையும் அருகருகே நிறுத்திப் பார்க்காமலிருக்க நம்மால் இயலவில்லை.

விடுதலையான மௌலானா 1909இல் இதழை மீண்டும் தொடங்கினார். 1910இல் வந்த அச்சகச் சட்டம் ஜாமீன் தொகை கேட்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. 1913இல் அவரது சிறிய அச்சகத்திடம் அவரால் கட்டவியலாத பெருந்தொகை ஜாமீனாகக் கேட்கப்பட்டது. அச்சகம் மூடப்பட்டது, இதழும் நின்றது. மௌலானா அலிகாரில் சுதேசித் துணிக்கடை வைத்துப் பிழைக்கலானார்.