முதியோர் இல்லங்களும் அவற்றை அளந்த கோல்களும்

உழைத்துத் தேய்ந்த மனிதனை அவனது இறுதி ஆண்டுகளில் ஒரு சமுதாயம் எவ்வாறு வைத்திருக்கின்றது என்பது அச்சமுதாயத்தின் இயல்பை நன்கு காட்டும். மேலை நாடுகளில் முதியோர் பராமரிப்பு இல்லங்களின் தரத்தை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பட்டியலிடும் வழக்கம் இன்று வேரூன்றியுள்ளது. இது முற்றிலும் நன்மையே எனப் பலரும் கருதுவர். ஆயின் ஒப்பிடுதலுக்கும் ஒரு வரலாறு உண்டு. எதனை எதனோடு ஒப்பிட்டனர், அம்முடிவை யாரிடம் கொடுத்தனர் என்ற வினாக்களை எழுப்பினாலன்றி அவ்வரலாறு விளங்காது. இங்கிலாந்தினதும் அமெரிக்காவினதும் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தில் 1834ஆம் ஆண்டு நிறைவேறிய வறியோர் சட்டம் ஓர் ஒப்பீட்டின் மீதே எழுந்தது. ஏழைவிடுதியில் உதவி பெறுபவனின் நிலை, வெளியே கூலிக்கு உழைக்கும் கடைநிலைத் தொழிலாளியின் நிலையிலும் கீழானதாக இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படைத் தத்துவம். விடுதியின் கொடுமைக்கு அஞ்சியேனும் ஏழை எக்கூலிக்கும் இசைவான் என்பது அதன் உட்கருத்து. உடல்வலு உடையோரைக் கருதியே இவ்விதி வகுக்கப்பட்டது. எனினும் நடைமுறையில் முதியோரும் நோயாளரும் அநாதைச் சிறுவரும் ஒரே கூரையின் கீழ் அடைக்கப்பட்டனர்; தண்டனை எல்லோர்க்கும் பொதுவாயிற்று. 1845இல் அண்டோவர் நகரத்து விடுதியில், எலும்பு இடிக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டோர் பசி தாளாது அவ்வெலும்புகளிலே ஒட்டியிருந்ததைக் கடித்துத் தின்ற செய்தி வெளியாகி நாடாளுமன்ற விசாரணைக்கு வழிவகுத்தது. பராமரிப்பின் தரம் தாழ்ந்திருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்ட ஒப்பீட்டின் விளைவு இது.

அடுத்த ஒப்பீட்டை மேற்கொண்டோர் வைத்தியர்கள். லண்டன் ஏழைவிடுதிகளில் உரிய கவனிப்பின்றிச் சீரழிந்த இருவரின் மரணம் மக்களைக் கலக்கியபோது, ‘லான்செற்’ என்னும் வைத்திய வார ஏடு 1865இல் ஏர்ணெஸ்ற் ஹாட், பிரான்சிஸ் அன்ஸ்ரி, வில்லியம் கார் ஆகிய மூவரை விசாரணைக்கு அனுப்பியது. அவர்கள் விடுதி விடுதியாகச் சென்று நோயாளர் பகுதிகளின் இடவசதி, காற்றோட்டம், மருந்து, தாதிமார் என்பவற்றை ஆராய்ந்து எழுதினர். பல விடுதிகளில் நோயாளரைப் பார்த்தவர்கள், பயிற்சி ஏதுமற்ற, அவ்விடுதிகளில் அடைபட்ட ஏழை மூதாட்டிகளே. இவ்விடங்கள் உண்மையில் அரசின் வைத்தியசாலைகள். எனவே அவற்றை வைத்தியசாலையின் தரத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அவர்கள் வாதிட்டனர். இதனால் 1834இன் கோல் தலைகீழாயிற்று. வறுமையை நோக்கிக் கீழே பார்த்த ஒப்பீடு, மனிதனின் தேவையை நோக்கி மேலே திரும்பியது. 1867இல் லண்டன் மாநகருக்கென நிறைவேறிய வறியோர் சட்டம், நோயாளரைப் பொதுவிடுதியிலிருந்து பிரித்துப் பராமரிக்க வழி செய்தது. அதே காலத்தில் லிவர்பூல் ஏழைவிடுதிக்கு, நைற்றிங்கேல் பள்ளியிற் பயின்ற 12 தாதியரோடு அக்னஸ் ஜோன்ஸ் பொறுப்பேற்றுச் சென்றார். 1868இல் அங்கேயே காய்ச்சல் கண்டு இறந்த அவருக்கு அப்போது வயது 35.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி, 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டத்தால் வறியோர் சட்டத்தை ஒழித்தது. சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், பெருவிடுதிகளுக்குப் பதிலாக 25 அல்லது 30 பேர் வாழும் சிறு இல்லங்களை அமைக்கப்போவதாக அறிவித்தார். ஓய்வூதியமாகிய 26 ஷிலிங்கில் 21 ஷிலிங்கை முதியவர் கட்டணமாகச் செலுத்துவார். எஞ்சிய 5 ஷிலிங் அவரது கைச்செலவுக்கு. அவர் இனி இரந்து நிற்பவர் அல்லர், விருந்தினர் என்பது கருத்து. ஆனால் கல்லும் மரமும் பணமும் கிடைத்தற்கரியனவாயிருந்த அந்நாளில் புதிய இல்லங்கள் மெல்லவே எழுந்தன. பழைய ஏழைவிடுதிகள் பல, பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு அப்படியே நின்றன.

இந்நிலையை அளக்கப் புறப்பட்டவர் சமூகவியலாளர் பீட்டர் ரவுண்சென்ட். 1950களின் இறுதியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களை அவர் ஆராய்ந்தார். பழைய ஏழைவிடுதிகள், உள்ளூராட்சி மன்றங்களின் ஏனைய இல்லங்கள், தொண்டு நிறுவனங்களின் இல்லங்கள், தனியார் இல்லங்கள் என நான்கு வகையும் அவற்றுள் அடங்கின. பொறுப்பாளரின் பதிவேட்டோடு அவர் நின்றுவிடவில்லை. முதியோரோடு அமர்ந்து உரையாடினார். ஓரிடத்தில் அவர்களைக் குளிப்பாட்டும் பணியையும் தாமே செய்தார். 1962இல் வெளிவந்த ‘இறுதிப் புகலிடம்’ என்ற நூலிலே இல்லங்களை அவர் புள்ளியிட்டு ஒப்பிட்டார். கட்டட வசதியும் பணியாளர் தொகையும் மட்டும் அவருக்குப் போதவில்லை. விரும்பிய வேளையில் எழவும் உறங்கவும் முடிகின்றதா? சொந்தப் பொருளை வைத்துக்கொள்ள இடமுண்டா? உறவினர் தடையின்றி வந்து போகின்றனரா? அன்றாட வாழ்வின் சுதந்திரமும் அவருடைய கணக்கிலே சேர்ந்தது.

ரவுண்சென்ட் கண்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. பழைய விடுதிகள் மிகத் தாழ்ந்திருந்தமை எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால் நல்ல இல்லங்களிலும் முதியோர் தொழிலிழந்து, உறவிழந்து, தனிமையுற்றிருந்தனர். அவர்களுள் பலர் தக்க வீடும் சிறிது உதவியும் கிடைத்திருப்பின் இல்லத்திற்கு வந்தேயிருக்கத் தேவையில்லை. இல்லத்தை இல்லத்தோடு ஒப்பிடுவதுடன் அமையாது, மனிதன் தன் சொந்த வீட்டிலே வாழக்கூடிய வாழ்வோடு ஒப்பிட்டமையே ரவுண்சென்டின் சாதனை. அம்முடிவை அவர் அரசின் முன்னும் மக்களின் முன்னும் வைத்தார்.

அமெரிக்காவின் பாதை வேறு. 1965இல் முதியோர்க்கும் வறியோர்க்குமென வைத்திய உதவித் திட்டங்கள் இரண்டு பிறந்தன. பொதுப்பணம் பெருகிப் பாய்ந்தது, இலாபம் தேடும் இல்லங்கள் காளான்களாக முளைத்தன, ஊழல்களும் தொடர்ந்தன. 1987இல் நிறைவேறிய சீர்திருத்தச் சட்டம், கட்டிவைத்தலிலிருந்து விடுதலை முதலிய உரிமைகளை முதியோர்க்கு அளித்தது. பின்னர் 1998இல் இல்லங்களை ஒப்பிடும் இணையத்தளம் ஒன்றை அரசாங்கம் தொடக்கியது. 2008இன் இறுதியில் ஒவ்வோர் இல்லத்திற்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கப்பட்டன.

ஆசிரியர்களாகிய வாசகர்கள் இந்நட்சத்திரங்களின் கணக்கை எளிதில் விளங்கிக்கொள்வர். பரிசோதகரின் அறிக்கை ஒரு பகுதி. பணியாளர் தொகை, பராமரிப்பின் பலன்கள் ஆகிய மற்ற இரு பகுதிகளுக்கும் இல்லங்கள் தாமே தந்த தகவல்களே தொடக்கத்தில் ஆதாரம். மாணவன் தன் விடைத்தாளுக்குத் தானே புள்ளியிட்டது போன்றது இது. பணியாளரின் சம்பளப் பதிவேட்டைக் கொண்டு கணக்கிடும் முறை 2016இலேதான் கட்டாயமாயிற்று. பரிசோதனைப் பகுதியிலோ, ஒவ்வொரு மாநிலத்திலும் முன்னிற்கும் 10 வீதத்தினருக்கு ஐந்து நட்சத்திரமும் பின்னிற்கும் 20 வீதத்தினருக்கு ஒரு நட்சத்திரமும் என வகுத்தனர். ஒரு மாநிலத்தின் இல்லங்கள் அனைத்தும் ஒருங்கே தாழ்ந்தாலும் அங்கே ஐந்து நட்சத்திரம் பெறும் இல்லங்கள் இருந்தே தீரும். இங்கு இல்லம் இல்லத்தோடு மட்டுமே ஒப்பிடப்படுகின்றது. மனிதனின் தேவையோடு அன்று.

தேவையை அளவாகக் கொண்ட விதியொன்றும் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு முதியவருக்கும் நாளொன்றுக்குக் குறைந்தது 3.48 மணிநேரத் தாதிப் பணி வேண்டும் என 2024இல் மத்திய அரசாங்கம் விதித்தது. இல்ல உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 ஏப்ரலில் ரெக்சாஸ் மாநிலத்து மத்திய நீதிமன்றம் ஒன்று அவ்விதியைச் செல்லாததாக்கியது. நட்சத்திரங்களை அவ்வழக்கு தீண்டவில்லை.

நட்சத்திரப் பட்டியல் பயனற்றது என்பதன்று நமது கூற்று. தாயை எங்கே சேர்ப்பதென்று தவிக்கும் மகளுக்கு அது சிறிதேனும் உதவும். ஆயின் தெரிவு செய்யும் வசதி உள்ளவருக்கே அவ்வுதவி. கையிற் பணமில்லாத முதியவர் கட்டில் காலியாக உள்ள இடத்திற்கே செல்வார். மேலும், 1865இலும் 1962இலும் ஒப்பீட்டின் முடிவுக்கு மறுமொழி கூறவேண்டியவர்கள் ஆட்சியாளர்கள். இன்றோ பட்டியல் அம்மகளின் கையிலே கொடுக்கப்படுகின்றது. தீய இல்லத்தில் தாய் துன்புற்றால், தெரிவு செய்தவளே தவறினாள் என்றாகிவிடுகின்றது. அவ்வில்லத்தை இயங்க அனுமதித்த அரசு குற்றத்திலிருந்து தப்புகின்றது.

மிகத் தாழ்ந்த இல்லத்திலும் ஒரு முதியவர் இன்றிரவு படுத்திருப்பார். சிறந்த இல்லம் எது என்று கேட்பதோடு சமுதாயத்தின் பொறுப்புத் தீர்ந்துவிடாது. எந்த இல்லமும் தாழக்கூடாத எல்லை எது, அதனைக் காப்பவர் யார் என்று கேட்கும்போதே ஒப்பீடு மீண்டும் மக்களின் கருவியாகும்.