மருந்தும் துஆவும்: நாம் மறந்த மரபு

2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் விடுதியொன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டனர். இத்தகைய விடுதிகளில் நோயாளிகளைச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய குடும்பத்தாரே. தர்காவின் அருகே தங்கியிருந்தால் நோய் தீரும் என நம்பிப் பல சமயத்தவரும் தம் உறவினரை அங்கே விட்டுச் சென்றனர்.

அந்தச் சங்கிலி நம் மார்க்கம் தந்ததா? இந்தக் கேள்விக்கு விடை காண நாம் வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அறிவு பிறழ்ந்தவர்மீது, அவர் தெளிவு பெறும்வரை, மார்க்கக் கடமைகளின் பொறுப்பு இல்லை என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறும் அவர்கள் பணித்துள்ளார்கள். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், மனநோயாளி குற்றவாளியல்லர், பராமரிக்கப்பட வேண்டியவர் என்பது விளங்கும். முற்கால முஸ்லிம் அறிஞர்கள் இந்த வழியிலேயே சென்றனர். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். 1037இல் மறைந்த இப்னு சீனா, தமது ‘அல்கானூன்’ நூலில் சித்தம் பிறழும் நிலைகளைத் தலையைச் சார்ந்த நோய்களோடு வைத்து விளக்கினார்.

எழுத்தோடு அது நின்றுவிடவில்லை. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய பெரும் மருத்துவமனையில் மனநோயாளருக்கெனத் தனிப்பகுதி இருந்தது. வக்ஃபுச் சொத்துகளின் வருவாய் அதனைத் தாங்கியது. அலெப்போவில் 1354இல் நிறுவப்பட்ட அர்கூன் மருத்துவமனையில், நீர்த்தடாகங்கள் கொண்ட முற்றங்களைச் சுற்றி நோயாளிகளின் அறைகள் அமைந்தன. அக்கால மருத்துவமனைகளிலும் மூர்க்கமுற்றோரைப் பிணைத்து வைத்ததுண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர்களை ஒப்படைத்த இடம் மருத்துவரின் இடமாகவே இருந்தது.

அன்று எவரிடத்தும் இல்லாத மருந்து இன்று நம்மிடம் உண்டு. ஸ்கிசோஃப்ரினியா எனும் பெயரைச் சுவிட்சர்லாந்து மருத்துவர் ஓய்கன் பிளாய்லர் 1908இல் வழங்கினார். தமிழில் இதனை மனச்சிதைவு நோய் என்கிறோம். 1952இல் பாரிஸில் மருத்துவர்கள் டிலே, டெனிக்கர் ஆகியோர் குளோர்புரோமசின் எனும் மருந்தைக் கொடுத்து, கொந்தளித்த நோயாளிகள் அமைதியுறக் கண்டனர். அதன்பின் பல மருந்துகள் வந்தன. சென்னையில் 1984இல் மருத்துவர் சாரதா மேனன் இந்நோய்க்கெனவே ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். ஆகவே, ஏர்வாடியில் தீப்பற்றியபோது மருந்து வந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. நம் வீடுகளுக்குள் அது பற்றிய அறிவுதான் வந்து சேரவில்லை.

இந்நோய் பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டும். பிறர் காதில் விழாத குரல்கள் நோயாளிக்குக் கேட்கும். தம்மை எவரோ கண்காணிக்கிறார், உணவில் நஞ்சு கலக்கிறார் என்னும் ஐயம் வேரூன்றும். தொழுகையிலும் படிப்பிலும் ஆர்வம் குன்றும். குளிப்பதும் உண்பதும்கூடத் தவறும். இதைக் கண்டவுடன் நாம் ஜின் என்கிறோம், செய்வினை என்கிறோம். ஜின்கள் உண்டென்பது நம் நம்பிக்கை. ஆனால் குரல் கேட்கும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமலேயே ஜின் பிடித்தவன் எனத் தீர்ப்பளிக்கும் அறிவு நமக்கு வழங்கப்படவில்லை. சிகிச்சை தாமதமாகுந்தோறும் மீள்வது கடினமாகிறது. சற்றுத் தேறியதும் மருந்தை நாமே நிறுத்தினால், நோய் மீண்டும் வருவதற்கு அதுவே பெருங்காரணமாகிறது.

இன்னொரு தவறும் நம்மிடையே உண்டு. நிக்காஹ் முடித்துவைத்தால் சரியாகிவிடும் என்று நோயை மறைத்து மணம் பேசுகிறோம். அதனால் இரு உயிர்கள் துன்புறுகின்றன. உண்மையை மறைத்துச் செய்யும் ஒப்பந்தத்தில் பரக்கத்தை எவ்வாறு எதிர்பார்ப்பது?

ஏர்வாடித் துயரத்தின் பின் அவ்வூரின் இத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. பின்னாளில் தர்காவின் அருகிலேயே மனநல மருத்துவம் வழங்கும் ‘தவா – துஆ’ திட்டம் அங்கு வந்தது. மருந்தும் வேண்டும், பிரார்த்தனையும் வேண்டும் என்பதே அப்பெயரின் பொருள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. அரசின் மனநலச் சேவையைப் பெறும் உரிமையையும் அது வழங்குகிறது.

கெய்ரோவிலும் அலெப்போவிலும் நம் முன்னோர் மருத்துவமனை கட்டியதைப் பெருமையாகப் பேசுகிறோம். அந்தப் பெருமைக்கு நாம் உரியவர்களாவது, நம் வீட்டுப் பிள்ளை தனியே பேசத் தொடங்கும் நாளில் நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்; மருந்தை வேளை தவறாமல் கொடுப்போம்; இரவில் தஹஜ்ஜுதில் கையேந்தி அவனுக்காக அழுவோம். ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. அதனை நாடிச் செல்லும் வழிகளுள் மருந்தும் ஒன்று.