மலைக்குச் செல்லும் பஸ்

ஹாங்காங் என்றவுடன் வானளாவிய மாடங்களே நம் நினைவுக்கு வரும். எனினும் அதன் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு சட்டத்தாற் காக்கப்படும் மலையும் காடுமாம். இது தானே அமைந்ததன்று.

1941 முதல் 1945 வரை நீடித்த சப்பானியர் ஆட்சியில் விறகுக்காக மரங்கள் வெட்டப்பட்டன, குன்றுகள் மொட்டையாயின. மரமற்ற குன்றின் மண்ணை மழை அரித்து நீர்த்தேக்கத்திற் சேர்க்குமன்றோ? ஆகவே, போருக்குப்பின் அரசு மீண்டும் மரம் நட்டது. குடிநீர் காக்க வளர்த்த காடே பின்னர் மக்கள் உலாவும் இடமாயிற்று. 1976இல் நாட்டுப்புறப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1979இல், அன்றைய ஆளுநர் மெக்லஹோஸ் பெயரால் 100 கிலோமீட்டர் நடைவழி திறக்கப்பட்டது. கிழக்கே பாக் டாம் சுங்கில் தொடங்கி மேற்கே துன் முன்னில் முடியும் அவ்வழி 10 பகுதிகளை உடையது.

அப்பகுதிகளுட் பலவற்றின் எல்லையில் சாலை உண்டு. சாலையில் பஸ் உண்டு. தொடக்க இடத்திற்கே சாய் குங் நகரிலிருந்து 94ஆம் எண் பஸ் செல்கிறது. சொந்த வண்டியில்லாத தொழிலாளியும் விடுமுறை நாளில் ஒரு பகுதியை நடந்து, மாலையில் வீடு திரும்பலாம்.

காட்டைக் காத்தது சட்டம். அதனை எல்லார்க்கும் பொதுவாக்கியது பஸ். பூங்கா அமைப்போர் இவ்விரண்டையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.