நிலையுராய்வு விதியின் வரலாறு

ஓய்விலிருக்கும் பொருளொன்றைத் தள்ள முற்படுங்கால், அதனை நகரவிடாது தடுக்கும் விசையே நிலையுராய்வு எனப்படும். இதன் இயல்பை அறிஞர் தெளிவதற்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் சென்றன.

இத்தாலிய அறிஞர் இலியனாடோ தா வின்சி (1452–1519), உராய்வு சுமைக்கேற்ப மிகும் என்றும் தொடுபரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்றும் தம் குறிப்பேடுகளில் வரைந்துவைத்தார். அவை அவர் காலத்தில் அச்சேறாமையால் உலகிற்குப் பயன்பட்டில. 1699ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் அமொந்தோன் அவ்விரு விதிகளையும் தாமே கண்டு வெளியிட்டார். ஆயினும், கொழுப்புப் பூசிய இரும்பு, ஈயம், செம்பு, மரம் என்பவற்றைச் சோதித்த அவர், உராய்வு எங்கும் சுமையின் மூன்றிலொன்றளவே எனக் கருதினார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ஒயிலர் என்னும் கணித மேதை நிலையுராய்வை இயக்கவுராய்வினின்றும் பிரித்துக் காட்டினார். சாய்தளத்திற் பொருள் வழுக்கத் தொடங்கும் கோணத்தின் தான்சனே உராய்வுக் குணகம் என்பதும் அவராற் பெறப்பட்டது. பின்னர்க் கூலோம் என்பார் பிரான்சின் றொச்போர்க் கப்பற்றுறையிற் பெருஞ்சுமைகளைக் கொண்டு சோதனைகள் நடத்தி, 1781இற் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் பரிசைப் பெற்றார். குணகம் பொருளுக்குப் பொருள் வேறுபடும் என்பதும், மரத்தின்மேல் மரம் நெடுநேரம் ஓய்ந்திருப்பின் நிலையுராய்வு மிகும் என்பதும் அவராற் புலனாயின.

இவர்கள் அளந்தது நிலையுராய்வின் எல்லையையே என்பதை மாணாக்கர் மறத்தலாகாது. கிடைத்தளத்திலுள்ள 100 நியூற்றன் நிறைப் பெட்டியைக் கிடையாக 20 நியூற்றன் விசையால் தள்ளுவோமாக. குணகம் 0.4 எனின் எல்லையுராய்வு 40 நியூற்றன். எழும் உராய்வோ 20 நியூற்றனே. சமநிலைக்கு வேண்டிய உராய்வை முதலிற் கண்டு, பின்னரே அதனை எல்லையோடு ஒப்பிடல் முறை. எடுத்தவுடன் குணகத்தாற் பெருக்கி விடை எழுதுவோர், அசையாது நிற்கும் பெட்டியைத் தள்ளுபவன்மீதே ஓடிவரச் செய்தவராவர்.