கும்பினி முதல் கம்பெனி வரை

ஒரு சின்னக் கேள்வி. "கம்பெனி" என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் தெரியும்?

"டீக்கடைக்குப் போறேன், கம்பெனி கொடுடா" என்றால் துணைக்கு வருவது. "அவன் கம்பெனிக்குப் போயிட்டான்" என்றால் வேலைக்குப் போயிருக்கிறான். "மிக்ஸி எந்தக் கம்பெனி?" என்றால் தயாரித்தவர் யார் என்று கேட்கிறோம். "இது கம்பெனி சரக்கு" என்றால் போலி இல்லை, தரமானது. பழைய ஆட்கள் "கம்பெனி நாடகம்" என்று சொன்னால் அது நாடகக் குழு. ராணுவத்தில் சுமார் நூறு பேர் கொண்ட படைப்பிரிவுக்கும் கம்பெனி என்றுதான் பெயர்.

இவ்வளவுக்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் "கோம்" என்றால் கூட, "பானிஸ்" என்றால் ரொட்டி. ஒரே ரொட்டியைப் பகிர்ந்து தின்பவர்கள்தான் கம்பெனி! இலங்கைத் தமிழர்கள் ரொட்டியைப் "பாண்" என்கிறார்களே, அதுவும் இதே "பானிஸ்" போர்த்துகீசிய மொழி வழியாக வந்ததுதான். அதாவது கம்பெனி என்ற சொல்லுக்குள்ளே ஒரு பாண் ஒளிந்திருக்கிறது :)

இந்தச் சொல் எங்கள் கரிசல் பக்கம் எப்படி வந்தது என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

1600 டிசம்பர் 31 அன்று இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத், லண்டன் வணிகர்கள் சிலருக்குக் கிழக்கே வியாபாரம் செய்ய உரிமை கொடுத்தார். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் கம்பெனி. லாபத்தில் பங்கு போட்டுக்கொள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர் பொருத்தம்தான். ஆனால் 200 வருடம் கழித்து அதே கம்பெனி இங்கே வரி கேட்டு நின்றது. 1792-ல் ஆற்காட்டு நவாபுடன் செய்த உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை கம்பெனிக்குக் கிடைத்தது. நம் மக்கள் வாயில் அதன் பெயர் "கும்பினி".

விளாத்திகுளம் பக்கத்திலிருக்கும் நாகலாபுரம் இன்று பருத்தியும் மிளகாயும் விளையும் அமைதியான ஊர். அன்று அது ஒரு பாளையம். பாஞ்சாலங்குறிச்சியின் பக்கம் நின்றது. 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் படையோடு வந்தார். பாஞ்சாலங்குறிச்சியின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அவரைத் தூக்கிலிட்டது இந்த நாகலாபுரத்தில்தான். தலையைக் கொண்டுபோய் பாஞ்சாலங்குறிச்சியில் நட்டு வைத்தார்கள். நாகலாபுரம் பாளையக்காரரின் சகோதரர் சௌந்தரபாண்டிய நாயக்கரும் அப்போது கொல்லப்பட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாறில் கட்டபொம்மன். பிறகு நாகலாபுரம் உட்பட ஆறு பாளையங்கள் பறிபோயின.

கூடி ரொட்டி தின்பவர்கள் என்ற பொருள் கொண்ட சொல்லுக்கு, நாகலாபுரத்தில் எழுதப்பட்ட பொருள் தூக்குக்கயிறு.

கதை இதோடு முடியவில்லை. பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்து ஊரான ஓட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்த்து 1906-ல் அவர் ஆரம்பித்ததும் ஒரு கம்பெனிதான்! வெள்ளை அரசு போட்ட கம்பெனிச் சட்டத்தின்படியே பதிவு செய்தார். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மூலதனம் 10 லட்சம். எதிர்த் தரப்பு கட்டணத்தைக் குறைத்தது. 1908-ல் வ.உ.சி. சிறை போனார். 1911-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. ஆனாலும் யாரிடமிருந்து அந்தச் சொல் வந்ததோ, அவர்கள் மேலேயே அதைத் திருப்பி எறிந்தவர் அவர்.

நாடகக் கம்பெனிகளைப் பாருங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் "பாய்ஸ் கம்பெனி"களில் சிறுவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, பாடம் கற்றார்கள். எம்.ஜி.ஆர். வறுமையால் சிறு வயதிலேயே அப்படி ஒரு கம்பெனியில் சேர்ந்தவர். சிவாஜியும் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். 1959-ல் திரையில் கட்டபொம்மனாக நின்று கும்பினியை எதிர்த்துக் கர்ஜித்தது ஒரு கம்பெனிப் பிள்ளை என்பது நல்ல வேடிக்கை!

அப்புறம் தீப்பெட்டி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். கோவில்பட்டி, சாத்தூர் என்று அது பரவியது. மழை பொய்த்த கரிசல் காட்டுக்கு அது கஞ்சி ஊற்றியது உண்மை. அதிகாலையில் ஊர் ஊராக வந்து சின்னப் பிள்ளைகளை ஏற்றிப் போன பஸ்களும் உண்மை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் ஒரே நாளில் நிற்கவில்லை.

ஆங்கிலேயர்கள் எல்லாப் பொருளுக்கும் ஒரே உச்சரிப்பு வைத்திருக்கிறார்கள். தமிழ் மட்டும் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது. அடக்கி ஆண்டவன் கும்பினி. சோறு போடுபவனும் துணைக்கு வருபவனும் கம்பெனி. எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து முடிவு செய்ததில்லை, மக்களின் நாக்கே செய்த தீர்ப்பு இது.

அந்தத் தீர்ப்பை வைத்து எந்தக் கம்பெனியையும் அளந்துவிடலாம் என்று நினைக்கிறேன். நம் பக்கம் ரொட்டி ஏது, கம்பஞ்சோறுதான். அது எல்லார் தட்டுக்கும் வருகிறதா? வந்தால் கம்பெனி. ஒருவன் தட்டில் மட்டும் குவிந்தால், போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் அது கும்பினிதான்.